கட்டம் போட்ட தாளில் ஒரு குளிர்காலம்

முதலில் அது வெறும் அச்சுத் தாள்தான். பக்கத்துக்கு ஒரு வாரம். இடமிருந்து வலமாகப் பத்தி பத்தியாகக் கோடு: தேதி, நேரம், வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றின் திசை, மழையோ வெண்பனியோ எத்தனை அங்குலம், வானிலை. அதைத் தாண்டினால் எந்த மரம் துளிர்த்தது, எந்தச் செடி பூத்தது, எந்தப் பறவை வந்தது, எது காணாமல் போனது. கடைசியில், எதிலும் சேராதவற்றுக்காக ஒரு பத்தி. இதை வடிவமைத்தவர் டெய்ன்ஸ் பாரிங்டன். வேல்ஸில் நீதிபதி உத்தியோகம். மிச்ச நேரமெல்லாம் எதையாவது துருவிக்கொண்டிருப்பார். சிறுவன் மொஸார்ட் லண்டனுக்கு வந்தபோது, இவன் உண்மையிலேயே மேதைதானா என்று உட்காரவைத்துச் சோதித்து ராயல் சொசைட்டிக்கு அறிக்கை அனுப்பியவரும் இவரே.

1767ல் 'நேச்சுரலிஸ்ட்ஸ் ஜர்னல்' என்ற பெயரில் இந்தத் தாள்களை அச்சிட்டபோது பாரிங்டன் பெரிய கணக்கு ஒன்று போட்டிருந்தார். இங்கிலாந்தின் பல மூலைகளில் இருக்கிற படித்தவர்கள் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி, ஒரே மாதிரிப் பத்திகளை நாள் தவறாமல் நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாட்டின் இயற்கை வரலாறே கிடைத்துவிடும். ஊருக்கு ஒரு பாதிரியார், ஒரு மருத்துவர், ஒரு நிலக்கிழார் என்று பொழுதும் வசதியும் உள்ளவர்கள் இருந்த காலம்தான். ஆனாலும் நாட்குறிப்பு என்பது ஜனவரியில் வாங்குவதும் பிப்ரவரியில் மறப்பதும். எந்த நூற்றாண்டிலும் மனுஷ சுபாவம் அதுதான். அவர் எதிர்பார்த்த மாதிரி நாடு தழுவிய கூட்டம் ஒன்றும் சேர்ந்துவிடவில்லை. ஒரு பிரதி மட்டும் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கை கில்பர்ட் ஒயிட்டுடையது. லண்டனிலிருந்து தென்மேற்கே ஐம்பது மைல் தள்ளி, ஹாம்ப்ஷயரின் கிழக்கு ஓரத்தில் செல்போர்ன் என்ற கிராமம். 1720ல் அங்கேயே பிறந்தவர், மணமாகாதவர், உதவிப் பாதிரியாராகவே காலத்தை ஓட்டியவர். கோச் வண்டியில் ஏறினால் குமட்டும் என்பதால் குதிரைச் சவாரியோடு சரி. 'வேக்ஸ்' என்று பெயருள்ள வீடு, பின்னால் தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் முந்நூறு அடி உயரத்துக்கு எழும்புகிற சுண்ணாம்புக் குன்று, அது நிறைய பீச் மரங்கள். ஊருக்குள் வரும் வழிகள் எல்லாம் வண்டித் தடமும் மழைநீரும் அரித்து அரித்துப் பள்ளமாகிப் போனவை. சில இடங்களில் இரண்டு பக்கமும் வயல்மட்டம் தலைக்கு மேல் பல அடி உயரத்தில் இருக்கும். வெண்பனி பெய்தால் முதலில் நிரம்புவது இந்தப் பள்ளப் பாதைகள்தான். அதோடு ஊர் துண்டிக்கப்பட்டுவிடும். இப்படி ஓர் இடத்தில் குளிர்காலக் கணக்கு எழுத ஆளும் கிடைத்தார், காரணமும் கிடைத்தது.

ஒயிட்டுக்கு எழுதும் பழக்கம் புதிதல்ல. 1751லிருந்தே தோட்டக் குறிப்பு வைத்திருந்தார்: என்ன விதைத்தேன், வெள்ளரிக்கும் முலாம்பழத்துக்கும் எத்தனை வண்டி எரு போட்டேன் என்கிற மாதிரி. 1766ல் செடிகளுக்கென்று தனிக் குறிப்பு. ஆனால் அதெல்லாம் நினைத்தபோது எழுதியவை. பாரிங்டனின் தாளில் அந்தச் சௌகரியம் கிடையாது. வெப்பமானிப் பத்தி காலியாக இருந்தால் காலி என்பது பளிச்சென்று தெரியும். 1768 ஜனவரியில் எழுதத் தொடங்கியவர் 1793 ஜூன் நடுவில்தான் பேனாவைக் கீழே வைத்தார். அதே மாதம் 26ஆம் தேதி இறந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதே பத்திகள்.

தாள் கிடைத்த கையோடு முதல் பரீட்சையும் வந்தது. 1768 ஜனவரியிலேயே கடும் உறைபனி. ஒயிட்டின் தோட்டத்தில் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற புதர்கள் கருகின. அதைப் பார்த்து அவர் கண்டுகொண்ட விஷயம் இன்றைக்கும் தோட்டக்காரர்களுக்குப் பயன்படும்: செடியைக் கொல்வது குளிர் மட்டும் அல்ல. பகலில் வெயில் பட்டு இலைமேல் பனி உருகி, ராத்திரி மறுபடி உறைந்து, மறுநாள் மறுபடி உருகுகிறதே, அதுதான் ஆபத்து. சின்னத் தோட்டமென்றால் பாயோ வைக்கோலோ போட்டு மூடு. பெரிய தோட்டமென்றால் ஆட்களை விட்டுக் கவைக்கோலால் கிளைகளிலுள்ள பனியைத் தட்டிவிடு என்பது அவர் சொன்ன வைத்தியம்.

ஒரு விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வெப்பமானியை வெளியே மாட்டுவது அந்தக் காலத்தில் பொது வழக்கம் அல்ல. 1723ல் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஜேம்ஸ் ஜூரின் ஐரோப்பா முழுவதும் இருந்த ஆர்வலர்களை வானிலைக் குறிப்பு எழுத அழைத்தபோது, வெப்பமானியை வடக்குப் பார்த்த, கணப்பு மூட்டாத அறையில் வைக்கச் சொன்னார். வீட்டுக்குள் இருக்கிற குளிரையே பலரும் நாட்டின் குளிராக எழுதிக்கொண்டிருந்தார்கள். பழைய எண்களை இன்று எடுத்து ஆராய்கிறவர்களுக்கு முதல் தலைவலியே இதுதான்: இந்தக் கண்ணாடி எந்தச் சுவரில் தொங்கியது? வானிலைக் குறிப்பு எழுதும் பழக்கம் கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. புனித ஜார்ஜ் கோட்டை மருத்துவமனையில் உதவி மருத்துவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் மதராஸில் எழுதிவைத்த வானிலைக் குறிப்பை அதே ராயல் சொசைட்டி 1778ல் தன் இதழில் வெளியிட்டது. பிற்காலத்தில் தாவரவியலாளராகப் புகழ் பெற்ற அதே ராக்ஸ்பர்க்தான். அவருக்கு வேறு பாடு. பாதரசம் குமிழுக்குள் ஒளிந்துகொள்ளும் பிரச்சினை மதராஸில் யாருக்கும் வந்திருக்காது.

செல்போர்னில் வந்தது.

அதற்கு முன்னோட்டம் 1776 ஜனவரி. ஏழாம் தேதி நாள் முழுக்க வெண்பனி. பன்னிரண்டாம் தேதி கொட்டியதில் வாயிற்கதவுகளின் தலை மறைந்து, பள்ளப் பாதைகள் விளிம்பு வரை நிரம்பின. கோழிகள் கூட்டைவிட்டு இறங்கவில்லை. பனியின் வெளிச்சத்தில் அவற்றுக்குக் கண் கூசித் திகைப்பு உண்டாகும் என்று ஒயிட் எழுதுகிறார். பசி தாங்காத முயல்கள் தோட்டத்துக்குள்ளேயே வந்தன. மாதக் கடைசியில் அவர் லண்டனில் இருந்தார். அங்கே அவருக்கு விநோதமாகப் பட்டது குளிர் அல்ல, நிசப்தம். தெருக்கல்மேல் கனமாகப் பனி படிந்து, சக்கரமோ குளம்போ கல்லில் படாததால் வண்டிகள் சத்தமே இல்லாமல் ஓடின. இரைச்சல் இல்லாத லண்டன் அவருக்கு இதமாக இல்லை, உறுத்தியது.

அந்த நாட்களில் லண்டன் பக்கம் தெற்கு லாம்பெத்தில் ஒரு வெப்பமானியும் செல்போர்னில் ஒரு வெப்பமானியும் ஒரே சமயத்தில் படிக்கப்பட்டன. ஒயிட் ஊரில் இல்லாதபோது குறிப்பைப் பார்த்துக்கொள்ள தாமஸ் ஹோர் இருந்தார். தோட்ட வேலையும் வீட்டு வேலையும் சேர்த்துப் பார்த்த பழைய ஆள். பாரிங்டனின் பத்திகளில் ஒரு வேலைக்காரரின் பங்கும் கலந்திருக்கிறது என்பதை ஒயிட்டைப் புகழ்கிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. ஜனவரி 31, சூரியன் எழுவதற்குச் சற்று முன், மரங்களிலும் கண்ணாடிக் குழாயின் மேலும் வெண்ணிறமாக உறைபனி பூத்திருக்க, பாதரசம் சரியாகப் பூஜ்யத்துக்கு இறங்கியது. ஃபாரன்ஹீட் பூஜ்யம், நம் கணக்கில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம். கணகணப்பான அறைகளுக்குள்ளேயே, கட்டிலுக்கு அடியில்கூட ஐஸ் கட்டியது என்று ஒயிட் நாசூக்காகச் சொல்கிறார். கட்டிலுக்கு அடியில் அந்தக் காலத்தில் என்ன பாத்திரம் இருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு 1784 டிசம்பர். இந்த நாட்குறிப்பின் வாழ்க்கையிலேயே பெரிய வாரம் அது.

முதல் வாரம் ஒரே ஈரம். ஏழாம் தேதி காற்றழுத்தமானி 28.5 அங்குலத்துக்கு இறங்கி நிற்க, வெண்பனி தொடங்கியது. அன்று முழுக்க, மறுநாள் முழுக்க, அந்த ராத்திரியும் பெரும்பகுதி. ஒன்பதாம் தேதி காலையில் காற்று குவிக்காமலே தரையில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அங்குலம் கிடந்தது. பாதைகள் மூடிவிட்டன. மாலையில் காற்று சுரீரென்று மாற, வெப்பமானி என்ன செய்கிறது பார்க்கலாமே என்று இரண்டை எடுத்து வெளியே தொங்கவிட்டார்கள். ஒன்று மார்ட்டின் செய்தது, இன்னொன்று டாலண்ட் செய்தது. இரண்டுமே லண்டனின் பேர்போன கருவிக்கடைகளின் சரக்கு. ராத்திரி பத்து மணிக்கு 21. பதினொரு மணிக்கு 4. ஒரே மணி நேரத்தில் பதினேழு டிகிரி சரிவு. அதைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்கள்.

பத்தாம் தேதி காலை டாலண்டின் கண்ணாடி பூஜ்யத்துக்கும் கீழே அரை டிகிரி. மார்ட்டினுடையதைக் காணோம். கருவி இருக்கிறது, பாதரசத்தைக் காணோம். பூஜ்யத்துக்கு மேலே நாலு டிகிரியோடு அதன் அளவுக்கோடுகள் முடிந்துவிடுகின்றன. அதற்குக் கீழே பாதரசம் இறங்கி, குமிழைக் காக்கப் போட்டிருந்த பித்தளைக் கவசத்துக்குள் போய்ப் பதுங்கிவிட்டது. இங்கிலாந்தின் தெற்கே அதற்குக் கீழே எங்கே போகப்போகிறது என்று செய்தவர் நினைத்திருக்க வேண்டும். குளிர் ருசிகரமாகிற நேரத்தில் கருவி கைவிட்டதில் ஒயிட்டுக்குச் சரியான எரிச்சல். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு, ஓர் இலைகூட அசையாத அமைதியில், டாலண்ட் பூஜ்யத்துக்குக் கீழே ஒரு டிகிரி காட்டியது.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். செல்போர்ன் பள்ளத்தில் இருக்கிறது. பக்கத்தில் நியூட்டன் என்கிற ஊர் இருநூறு அடியோ அதற்கு மேலோ உயரத்தில். கீழேயே இந்தக் குளிர் என்றால் மேலே எப்படி இருக்கும்! பத்தாம் தேதி காலையிலேயே அங்கிருந்த நண்பருக்கு ஆள் அனுப்பி, உங்கள் வெப்பமானியை வெளியே மாட்டி இரண்டு வேளையும் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த நண்பரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புத்தகத்தில் வெறும் கோடு. அவருடைய கருவி ஆடம்ஸ் கம்பெனிச் சரக்கு. பிரமாதமான எண் வரும் என்று ஒயிட் காத்திருக்க, வந்த தகவல்: ராத்திரி பதினொன்றுக்கு 17 டிகிரி. செல்போர்னில் மைனஸ் ஒன்று. மறுநாள் காலை அங்கே 22, இங்கே 10.

மேட்டில் குளிர் குறைவு, பள்ளத்தில் அதிகம். நம்ப முடியவில்லை. நண்பரின் கருவியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, தன் கண்ணாடிகளில் ஒன்றையே மேலே அனுப்பினார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இம்மி பிசகாமல் ஒரே அளவு. ஆக, ஒரு ராத்திரியில் பதினெட்டு டிகிரி வித்தியாசம், செல்சியஸில் பத்து. அந்த உறைபனிக் காலம் முழுக்கவே பத்து, பன்னிரண்டு டிகிரி. சாட்சி தோட்டத்திலும் இருந்தது. ஒயிட் ஆசையாக வளர்த்த லாரல் வேலி தீய்ந்துபோனது. நியூட்டனில் அதே வகை மரங்கள் ஓர் இலையைக்கூட இழக்கவில்லை.

காரணம் இன்றைக்குப் பள்ளிப் பாடம். காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழக்கிறது. வெண்பனி மூடிய தரை இன்னும் வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து, தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஒயிட்டுக்கு இது தெரியாது. தரை கதிர்வீச்சால் குளிர்வதை வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் பனித்துளி பற்றிய தன் கட்டுரையில் விளக்கியது 1814ல். நீலகிரிக்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுந்தது என்று செய்தி வந்தால் கூடவே தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று தாழ்வான இடங்களின் பெயர்களும் வரும். புல்வெளி வெளுத்துக் கிடக்கும். மேட்டுச் சரிவில் இருக்கிற வீட்டுக்காரர் சும்மா சால்வையோடு நின்றுகொண்டிருப்பார்.

ஒயிட் விளக்கம் சொல்ல முயலவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அவர் காலத்து ஆசாமிகளில் பாதிப் பேர் இந்த இடத்தில் ஏதாவது ஒரு சித்தாந்தம் கட்டியிருப்பார்கள். அவர் எண்ணை எழுதினார், கருவியைச் சரிபார்த்தார், கருகிய செடியை எண்ணின் பக்கத்தில் வைத்தார், விட்டுவிட்டார். பாரிங்டன் நாடு முழுக்க நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒப்பீடு, இரண்டு கிராமங்களுக்கு நடுவே ஓர் உறைபனிக் காலத்தில் நடந்து முடிந்தது.

அந்த டிசம்பரின் மற்ற செய்திகள் எண்ணில் அடங்காதவை. குளிர் ஏறுகிறது என்று வெப்பமானி முன்கூட்டியே சொன்னதால் ஒயிட் வீட்டில் ஆப்பிள், பேரிக்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் அவசர அவசரமாக நிலவறையிலும் கணகணப்பான அலமாரிகளிலும் பத்திரப்படுத்தினார்கள். வெப்பமானி இல்லாத வீடுகளில் காய்கிழங்கு மொத்தமும் பாழ். ரொட்டியும் பாலாடைக்கட்டியும்கூட உறைந்துபோயின. பனியில் முயல் தடம் பார்த்துத் திரிந்த இரண்டு பேருக்குக் கால் உறைந்தது. களஞ்சியத்தில் கதிரடித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு விரல்கள் மரத்துப் புண்ணாகி ஆறப் பல வாரம் ஆயிற்று. இதைச் சொல்லும்போது, பின்னவர்கள் செய்துகொண்டிருந்தது எவ்வளவோ நல்ல வேலை என்று பாதிரியார் ஒரு குத்து குத்துகிறார். இன்னொன்று பூனை. அந்த இரண்டு சைபீரிய நாட்களில் வீட்டுப் பூனையின் ரோமத்தில் அவ்வளவு மின்சாரம். தகுந்தபடி காப்பிட்டு நின்று அதைத் தடவியிருந்தால் வட்டமாக நிற்கிற ஒரு கூட்டத்துக்கே அதிர்ச்சி கொடுத்திருக்கலாம் என்கிறார். இதையெல்லாம் பாரிங்டனின் எந்தப் பத்தியில் எழுதுவது?

அந்தக் கடைசிப் பத்தி, எதிலும் சேராதவற்றுக்கான இடம், வருஷம் ஆக ஆக நிரம்பிக்கொண்டே போனதற்குக் காரணம் இதுதான். ரிங்மரிலிருந்த அத்தை 1780ல் இறந்ததும் அவர் வளர்த்த திமோதி என்ற ஆமை செல்போர்னுக்கு வந்து சேர்ந்தது. குளிர்காலத்தில் அது மண்ணுக்குள் போன நாளும் வசந்தத்தில் தலைகாட்டிய நாளும் வெப்பநிலையோடு சேர்ந்து பதிவாயின. திமோதி பெண் ஆமை என்பது ஒயிட் காலத்தில் யாருக்கும் தெரியாது. அதன் ஓடு இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். தகைவிலான் குருவி சமாசாரம் இன்னும் பெரிது. குளிர்காலத்தில் அவை கடல் கடந்து போகின்றனவா, இங்கேயே பொந்துகளில் உறங்குகின்றனவா? தாளை வடிவமைத்த பாரிங்டனே வலசையை நம்பாதவர். அதை மறுத்து 1772ல் கட்டுரை எழுதியவர். பறவைகள் தோன்றும், மறையும் நாளுக்குத் தனிப் பத்தி வைத்தவர் மனதில் இந்த வழக்கும் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒயிட் இரண்டு பக்கமும் சாய்ந்து, கடைசிவரை தீர்ப்பு சொல்ல முடியாமல் தவித்தார். ஆள் வைத்து மலைச்சரிவுப் புதர்களில் தேடவும் செய்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் எழுதினார்.

பாரிங்டன் நாடு முழுக்க விரிக்க நினைத்த வலை வேறொரு விதத்தில் கைகூடியது: குடும்பத்துக்குள். 1779 மே மாதத்திலிருந்து ஒயிட் மழையை அளக்கத் தொடங்கினார். 1780ல் 27.32 அங்குலம், 1782ல் 50.26. அவருடைய தங்கை கணவர் தாமஸ் பார்க்கர் ரட்லாண்டில் லிண்டன் என்ற ஊரில் பல ஆண்டுகளாகவே அளந்துகொண்டிருந்தார். தெற்கு லாம்பெத்தில் ஒரு தம்பி. ஃபைஃபீல்டில் பாதிரியாராக இருந்த இன்னொரு தம்பி ஹென்றி. ஃப்ளீட் தெருவில் புத்தகக்கடை வைத்திருந்த பெஞ்சமினும் தம்பிதான். கல்யாணம், காதுகுத்து விசாரிக்கிற மாதிரி இவர்கள் ஒருவருக்கொருவர் மழை அங்குலத்தை விசாரித்து எழுதிக்கொண்டார்கள். செல்போர்ன் நாட்குறிப்பில் நான்கு ஊர் மழையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது.

அச்சுத் தாள் கையெழுத்தானது; கையெழுத்து மறுபடி அச்சானது. பெஞ்சமின் கடை 1788 கடைசியில் வெளியிட்ட, முகப்பில் 1789 என்று போட்ட 'செல்போர்னின் இயற்கை வரலாறு' கடிதங்களாக அமைந்த புத்தகம். பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் பாரிங்டனுக்கு. அவற்றில் சில தபாலுக்கே போகாதவை; புத்தகத்துக்காக எழுதப்பட்டவை. 1776 குளிர்காலம் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் ஒயிட் நேர்மையாகவே சொல்லிவிடுகிறார்: துல்லியம் வேண்டுமானால் அந்தந்த நேரத்தில் நாட்குறிப்பில் எழுதியதை அப்படியே பிரதி எடுப்பதுதான் வழி என்று. பிரதியும் எடுக்கிறார். இன்றுவரை பதிப்பு நிற்காமல் வந்துகொண்டிருக்கும் ஒரு புத்தகத்தின் நல்ல பக்கங்கள் இப்படி அச்சுத் தாள்களில் கிடந்தவையே.

அவர் இறந்தபின் நோட்டுகள் குடும்பத்திடம். மருத்துவரும் எழுத்தாளருமான ஜான் எய்கின் அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்து 1795ல் ஒரு சிறு நூல் போட்டார். 1802 பதிப்பில் வேறொரு சேர்க்கை வந்தது. சஸெக்ஸில் கேட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் வில்லியம் மார்க்விக் என்பவரும் அதே 1768 முதல் அதே மாதிரிக் குறிப்பு எழுதிவந்திருக்கிறார். இரண்டு ஊர்க் குறிப்புகளும் எதிரெதிர்ப் பத்திகளாக அச்சாயின. பாரிங்டன் ஆசைப்பட்டது இதைத்தான். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோட்டுகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில், கூடுதல் கையெழுத்துப் பிரதிகள் 31846 முதல் 31851 வரை, ஆறு தொகுதிகள். 'வேக்ஸ்' வீடு 1955ல் அருங்காட்சியகம் ஆயிற்று. வீட்டை வாங்கப் பணம் கொடுத்தது ஓட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர்; அதனால் அண்டார்டிகாவில் ஸ்காட்டின் குழுவோடு போய்ப் பனிப்புயலில் உயிர்விட்ட கேப்டன் ஓட்ஸின் நினைவுப் பொருட்களும் அங்கேயே இருக்கின்றன. குளிருக்கும் அந்த வீட்டுக்கும் ஏதோ தீராத உறவு.

விஞ்ஞானிகளுக்குப் பிடித்தது என்னவோ ஒயிட்டைவிடப் பார்க்கர்தான். புவியியலாளர் கோர்டன் மேன்லி பழைய வீட்டு நாட்குறிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்து, 1659லிருந்து மாதவாரியாக மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைத் தொடரைக் கட்டினார். 1953லும் 1974லும் வெளியிட்டார். உலகத்திலேயே கருவிகொண்டு அளந்த மிக நீளமான வெப்பநிலைத் தொடர் அது. லிண்டன் பார்க்கரின் பேரேடுகளை அவர் நேரடியாக ஆராய்ந்திருக்கிறார். பார்க்கர் எழுத்தில் பூனையும் இல்லை, ஆமையும் இல்லை. எண் இருக்கிறது, இடம் மாறாத ஒழுங்கு இருக்கிறது. நியாயமான தேர்வுதான். ஆனால் லிண்டன் பேரேட்டைப் பொழுதுபோகப் படிக்கிற ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

செல்போர்ன் நாட்குறிப்பை வால்ட்டர் ஜான்சன் 1931ல் சுருக்கிப் பதிப்பித்தார். முழுசாக வந்தது ஃபிரான்செஸ்கா கிரீனோக் பதிப்பில், 1986க்கும் 1989க்கும் இடையே மூன்று தொகுதிகளாக. வரிசையாகப் படித்தால் அலுக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் தொகுதியில் வெள்ளரிக்காய்ப் பாத்தியின் சூடு ஏறுவதும் இறங்குவதும் பக்கம் பக்கமாக வரும். புதிதாகப் படிக்கிறவர்கள் மூன்றாம் தொகுதியை முதலில் எடுக்கலாம். அது 1784லிருந்து தொடங்குகிறது. டிசம்பரைப் பிரித்து, ஒன்பதாம் தேதியிலிருந்து பார்க்கவும்.